குனியாத முனியாண்டியும் மீன்கொத்திகளும்

அன்று காலை எட்டு மணிக்கு முனியாண்டி ஒரு தீர்மானம் நிறைவேற்றினார். கூட்டத்தில் அவர் ஒருவரே இருந்ததால் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. துரை பங்களாப் பறவை ஒன்றுகூட ரிங்லெட் மண்டபத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் இறங்கக் கூடாது.

எதிர்த்துப் பேசக்கூடிய ஒரே ஆள் அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவர் மனைவி குமுதா. வழக்கம்போல அவளுக்குக் கூட்ட அறிவிப்பு போகவில்லை.

விஷயம் இதுதான். தேயிலைத் தோட்டங்களின் பழைய கதையைச் சொல்லப் பக்கத்து ஊரான ரிங்லெட்டில் ஒரு கண்காட்சி வைக்கிறார்கள். தோட்டத்துக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி. ஒன்றே ஒன்று. இவர்கள் தோட்டத்துப் பெட்டியில் எதை வைப்பது என்று பார்க்க யுவனேஸ்வரி என்ற பெண் பத்து மணிக்கு வருகிறாள்.

இதில் பார்க்க என்ன இருக்கிறது? முன்னறைச் சுவரில் தொங்குகிறதே அந்தச் சிவப்புப் பதாகை, அதுதான் தோட்டத்தின் கதை. எண்பத்தாறாம் ஆண்டு. மழையில் பறித்த கொழுந்துக்கு ஈரக் கழிவு என்று சொல்லிக் கூடைக்கு மூன்று கிலோ வெட்டினார்கள். இந்த மலையில் மழை பெய்யாத நாள் எது? பதினேழு நாள் வேலைநிறுத்தம். முன்னால் பதாகை, பின்னால் முந்நூறு பேர், இரண்டுக்கும் நடுவில் முனியாண்டி. ‘நிறுவையில் நியாயம் வேண்டும்’ என்று வெள்ளைப் பெயிண்டில் அவரே எழுதிய எழுத்து. அந்த மழைக்கும் காற்றுக்கும் கிழியவில்லை, இரட்டைத் துணி என்று இன்றைக்கும் வந்தவர்களிடம் தொட்டுக் காட்டுவார்.

கடைசி நாள் பேச்சுவார்த்தையில் துரை மேசையருகே முனியாண்டியின் பேனா கீழே விழுந்தது. எடுக்கவில்லை. எடுத்தால் துரைக்கு முன்னால் குனிந்தது போல் ஆகிவிடும். கணக்கெழுதும் கிராணியிடம் பேனா இரவல் வாங்கிக் கையெழுத்துப் போட்டார். அன்றிலிருந்து மலை முழுக்க அவர் குனியாத முனியாண்டி.

அந்தப் பட்டம்தான் மிஞ்சியது. மூன்று கிலோ வெட்டு ஒரு கிலோ ஆனது. வெற்றி விழாவில் டவுனிலிருந்து வந்த தலைவர்களுக்கு மாலை போட்டார்கள். முனியாண்டிக்கு நாற்காலி அடுக்கும் வேலை கிடைத்தது. இப்போது கொழுந்தை மெஷின் வெட்டுகிறது. மெஷினைப் பிடிப்பவர்கள் கடல் தாண்டி வந்த வேறு வீட்டுப் பிள்ளைகள். போன தீபாவளிக்கு வந்த சொந்தப் பேரனே “எந்த ஸ்ட்ரைக், தாத்தா?” என்று கேட்டான். அந்தக் கண்ணாடிப் பெட்டி கிடைக்காவிட்டால் பதினேழு நாளும் தன்னோடு சுடுகாட்டுக்கு வந்துவிடும் என்று முனியாண்டிக்குத் தெரியும்.

போட்டிக்கு நின்றது குமுதாவின் இரும்புப் பெட்டி. உள்ளே முப்பத்தெட்டுத் துணிகள். தலையணை உறை, தட்டு விரிப்பு, கைத்துண்டு. ஒவ்வொன்றிலும் நூலில் தைத்த பறவை. எல்லாம் குமுதா அந்தக் காலத்தில் வேலை பார்த்த துரைமார் பங்களாவில் புழங்கியவை. பங்களாவை ஹோட்டலாக்கியபோது ஆளுக்கொன்றாக எடுத்துப் போனார்கள். ஒன்றில் யாரோ பிள்ளையைச் சுற்றினார்கள். ஒன்று ரேடியோவுக்குச் சட்டையானது. தானா ராத்தாவில் ஷஹாபுதீன் கடையில் கறிபாஃப் பலகாரத் தட்டை மூடியிருந்ததை, மூன்று மாதம் தினமும் கறிபாஃப் தின்று நட்பு பிடித்துக் குமுதா வாங்கிவந்தாள். பெர்த்தாமில் வெள்ளச் சேறு புகுந்த வருஷம் ஒரு வீட்டு வேலியில் சிக்கிக் கிடந்ததை நாலு நாள் ஊறவைத்து அலசி எடுத்தாள். இவ்வளவும் எதற்கு என்று முனியாண்டி கேட்டதில்லை. கண்டித்ததோடு சரி.

இன்றும் கண்டித்தார்.

“அந்தப் பொட்டிய இன்னிக்குத் தொறக்கக் கூடாது.”

“ஏங்க? பொண்ணு பேனரையும் பாக்கட்டும், துணியையும் பாக்கட்டும்.”

“துரை வாய் தொடச்ச துணி, குமுதா.”

“தொடச்சது துரை. தொவச்சது நான்.”

“அது அடிமைச் சின்னம்.”

“மீன்கொத்தி.”

“என்ன?”

“இது மீன்கொத்தி. அந்த உறையில இருக்கறது தூக்கணாங்குருவி. நாப்பது வருஷமா ஒரே வீட்ல இருக்கீங்க, ஒரு குருவி பேர் தெரியல உங்களுக்கு.”

“எல்லாம் துரை வீட்டுக் குருவிதான்.”

“மீன்கொத்தி ஆறு கெடச்சிருச்சு. இன்னும் ஒண்ணு வந்தா செட்டு முழுசாயிரும்.”

“அது எங்க கெடக்குதோ.”

“பக்கத்துலதான்,” என்றாள் குமுதா, வெங்காயத்தை வாணலியில் தள்ளியபடி.

முனியாண்டி வாதாடிக்கொண்டிருக்கவில்லை. வாய்ப்பேச்சு காற்றோடு போகும், எழுத்துதான் நிற்கும். காகிதத்தை எடுத்தார். ‘துரை பங்களாவிலிருந்து வந்த எப்பொருளும், எவ்வடிவிலும், எக்காரணம் கொண்டும் இப்பெட்டிக்குள் வைக்கப்படாது.’ கீழே மூன்று கையெழுத்துக்கு இடம் விட்டார்.

யுவனேஸ்வரி பத்தே காலுக்கு வந்தாள். சின்னப் பெண், முதுகில் பை, கையில் அளவு டேப். பதாகையைப் பார்த்து நின்றுவிட்டாள். முனியாண்டிக்கு நெஞ்சு விரிந்தது. பிறகு குமுதா திறந்துவைத்திருந்த இரும்புப் பெட்டியைப் பார்த்தாள். அதன் முன் உட்கார்ந்தேவிட்டாள். ஒவ்வொரு துணியையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“ஐயோ, ஆண்ட்டி, முன்பக்கம் நிஜப் பறவை மாதிரியே இருக்கு லா. பின்பக்கம் ஒரு நூல்கூடத் தெரியல.”

முனியாண்டி காகிதத்தை நீட்டினார்.

“முதல்ல இது, மா. கொள்கை.”

அவள் படித்தாள். குமுதாவைப் பார்த்தாள். “ஆண்ட்டி, இதுல கையெழுத்துப் போட்டா உங்க துணி ஒண்ணுகூட வராதே.”

“அவர் எழுதறப்பவே படிச்சேன், கண்ணு,” என்ற குமுதா, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: “எங்க போடணும்?”

இவ்வளவு சுலபமா? முனியாண்டிக்கே ஒரு கணம் உறுத்தியது. எதிராளி சுலபமாகக் கையெழுத்துப் போட்டால் காகிதத்தை இன்னொரு தடவை படி என்று தான் நடத்திய தொழிலாளர் வகுப்பில் எத்தனை தடவை சொல்லியிருக்கிறார். ஆனால் குமுதா எதிராளியா? பெண்டாட்டி. மூன்று கையெழுத்தும் விழுந்தன.

யுவனேஸ்வரி பெருமூச்சோடு துணிகளை மடித்துவைத்துவிட்டு, ஒரு படிவத்தை எடுத்தாள்.

“சரி ஐயா, பேனரப் பத்தி எழுதிக்கறேன். துணி எங்க வாங்கினது?”

“தொழிலாளர் கையிலேர்ந்து வந்த துணி.”

“சரி லா ஐயா, ஆனா எந்தக் கடை?”

முனியாண்டி யோசித்தார். ஊர்வலத்துக்கு முதல் நாள் சாயங்காலம் ‘விடியறதுக்குள்ள சிவப்புத் துணி வேணும்’ என்று சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குப் போனார். விடிந்தது. துணி இருந்தது.

“என் சம்சாரம்தான் வாங்கிட்டு வந்தா. எந்தக் கடை குமுதா?”

“வாங்கல.”

“பின்ன?”

குமுதா கத்தரிக்கோலை எடுத்துவந்தாள். பதாகையின் ஓரத் தையலில் ஒரு சாண் பிரித்தாள். இரட்டைத் துணி வாய் திறந்தது. உள்ளே, சிவப்புச் சாயத்துக்கும் அடங்காத கருநீலத்தில், ஒரு மீன்கொத்தி அலகைத் தூக்கிக்கொண்டு முனியாண்டியைப் பார்த்தது.

யுவனேஸ்வரி மெல்லச் சொன்னாள். “ஆறு கைத்துண்டுலயும் இருக்கற அதே பறவை. இது மேசை விரிப்பு.”

“பெரிய மேசையோடது,” என்றாள் குமுதா. “அன்னிக்கு ரிங்லெட்ல கடை மூடிட்டான். நான் பங்களால இஸ்திரி போட்டுட்டு இருந்தேன். இஸ்திரிப் பொட்டிய இது மேல வச்சு, கொஞ்ச நேரம் சன்னல் வழியா வேடிக்கை பாத்தேன். கருகிருச்சு. துரையம்மா திட்டிட்டு, தூக்கிட்டுப் போன்னாங்க.”

“தெரியாம கருகிச்சா?” முனியாண்டியின் குரல் எங்கிருந்தோ வந்தது.

“துணி வேணும்னு நீங்கதான சொன்னீங்க.”

“வேலை போயிருந்தா?”

“நீங்க ஸ்ட்ரைக்ல. எனக்கும் வேலை போயிருந்தா ரெண்டு பேரும் கூழுதான்.”

“இத்தனை வருஷமா ஏன் சொல்லல?”

“துரை வீட்டுத் துணின்னா தூக்கி எறிஞ்சிருப்பீங்க. காலைல ஊர்வலத்துக்கு என்னத்தப் பிடிப்பீங்க, என் பொடவையவா? அதான் பறவைய உள்ள வச்சு மடிச்சுத் தச்சு, சாயத்துல முக்கினேன். அதுக்கப்புறம் நீங்க கேக்கல.”

முனியாண்டி நாற்காலியில் உட்கார்ந்தார். அந்தப் போராட்டத்தைப் பற்றி எத்தனை மேடையில் பேசியிருக்கிறார். அரிசி கொடுத்தவர், லாரி ஓட்டியவர், துண்டறிக்கை அச்சடித்தவர் என்று ஒரு பெயர் விடாமல் நன்றி சொல்வார். நாற்பத்தொரு பெயர். தலைகீழாகவும் சொல்வார். அதில் குமுதா இல்லை. தலைவர்கள் தன்னை நாற்காலி அடுக்க விட்டார்கள் என்று இவ்வளவு காலம் எரிந்துகொண்டிருந்தவர், தன் வீட்டில் ஒருத்தியை எதை அடுக்க விட்டிருந்தோம் என்று இன்றுதான் எண்ணிப் பார்த்தார். எண்ண எண்ண நாற்காலி சுட்டது.

யுவனேஸ்வரி தொண்டையைச் செருமினாள். “ஐயா, இந்தக் காகிதப்படி... பங்களாவிலேர்ந்து வந்த எப்பொருளும்... எவ்வடிவிலும்...”

“எக்காரணம் கொண்டும்,” என்று குமுதா எடுத்துக்கொடுத்தாள்.

முனியாண்டி காகிதத்தை வாங்கி இன்னொரு தடவை படித்தார். அவர் எழுதியதிலேயே ஓட்டையில்லாத வாசகம் அதுதான்.

“நீ தெரிஞ்சேதான் கையெழுத்துப் போட்டியா?”

“எதிராளி எழுதறப்ப தடுக்காத, எழுத எழுத அவனே மாட்டுவான். யாரு சொன்னது?”

அவர்தான் சொன்னது. வகுப்பில் அன்று அவள் டீ ஊற்றிக்கொண்டிருந்தாள்.

வாழ்க்கையில் முதல்முறையாக முனியாண்டி ஒரு கோரிக்கையைத் திரும்பப் பெற்றார். ‘மேற்கண்ட நிபந்தனை நீக்கப்படுகிறது’ என்று எழுதிக் கீழே கையெழுத்தும் போட்டார்.

“துணியும் வரட்டும். பேனரும் வரட்டும்,” என்றார். “ஒண்ணாவே வரட்டும்.”

“அப்ப நானும் ஒரு வரி சேத்துக்கறேங்க,” என்றாள் குமுதா. அவள் சொல்லச் சொல்ல யுவனேஸ்வரி எழுதினாள். முனியாண்டி அதைப் படிக்கவில்லை. பதாகை உள்ளே போகிறது, அது போதும். “எங்க போடணும்?” என்று கேட்டுப் போட்டார்.

அடுத்த மாதம் ரிங்லெட் மண்டபத்தில் நல்ல கூட்டம். அவர்கள் தோட்டத்துப் பெட்டி, மேலும் கீழும் கண்ணாடி வைத்து, உயரமான காலில் நின்றது. உள்ளே தையல் முழுக்கப் பிரித்த சிவப்பு விரிப்பு. சுற்றிலும் ஆறு கைத்துண்டுகள். மீன்கொத்திகள் எல்லாம் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன. ஓரத்தில் இஸ்திரிப் பெட்டி விட்ட பழுப்புத் தடம். அந்தத் தடத்துக்குப் பக்கத்தில்தான் கூட்டம் அதிகம். தன் வாலிபத் திருட்டை அவர்களுக்குச் சொல்லிச் சொல்லிக் குமுதாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது.

முனியாண்டி பெட்டியை இரண்டு தடவை சுற்றிவந்தார். பறவை இருந்தது. எழுத்தைக் காணோம்.

“மா, என் எழுத்து?”

“கீழ்ப்பக்கம் இருக்கு ஐயா,” என்றாள் யுவனேஸ்வரி. “எந்தப் பக்கம் மேல வரணும்னு ஆண்ட்டிதான் சொல்லுவாங்கன்னு நீங்க கையெழுத்துப் போட்டீங்களே. அடியில கண்ணாடிதான், நல்லாத் தெரியும்.”

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். தெரிந்த முகங்கள் எல்லாம் குமுதாவைச் சுற்றி நின்றன. பேரன் அந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்து, பெட்டிக்கு அடியில் எட்டிப்பார்த்து, “நிறுவையில்... நியாயம்...” என்று எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தான். முனியாண்டி பெட்டியின் காலைப் பிடித்துக்கொண்டார். எண்பத்தாறில் வளையாத இடுப்பு முறுக்கிக்கொண்டு கொஞ்சம் இறங்கியது.

பின்னாலிருந்து குமுதாவின் கட்டிப்போன குரல் கேட்டது.

“இன்னும் கொஞ்சம் குனியணுங்க.”