இரண்டு ஜோடிச் சக்கரங்கள்

ஐந்தரைக்கு எழுந்தான். பல் துலக்கினான். ஹாலில் கிடந்த கயாக்கைத் தாண்டிச் சமையலறைக்குப் போனான். டீ போட்டான். டம்ளருடன் மறுபடி கயாக்கைத் தாண்டி வந்து குடித்தான். டம்ளரைக் கழுவ இன்னொரு தடவை தாண்டினான். பிறகு அச்சகத்துக்குப் புறப்பட்டான். அங்கே பிழை திருத்துவது அவன் வேலை. பதினோரு மாதமாக இதே வரிசை.

கயாக் என்பது ஒரே ஆள் உட்கார்ந்து துடுப்புப் போடும் படகு. பன்னிரண்டு அடி நீளம், மஞ்சள் நிறம். அவன் மனைவியுடையது. ஆஸ்பத்திரியில் கடைசி நாளன்று, மூக்கையும் வாயையும் மூடியிருந்த மாஸ்க்குக்குள்ளிருந்து அவள் அவனிடம் சொன்னது இரண்டே வார்த்தை.

"படகை விட்டுடுங்க."

கடலில் விடச் சொல்கிறாள் என்று புரிந்துகொண்டான். தலையை ஆட்டினான். டாக்டரைக் கூப்பிட ஓடினான். திரும்பி வந்தபோது முடிந்திருந்தது.

வருகிற ஞாயிறு அவள் பிறந்தநாள். அவள் சொல்லி அவன் செய்யாமல் விட்ட வேலைகள் ஏராளம். இதையாவது அன்றைக்குச் செய்துவிட வேண்டும்.

பிரச்சினை சின்னதுதான். வீட்டிலிருந்து அரை கிலோமீட்டர் தார் ரோடு. அப்புறம் மணல். அப்புறம் கடல். கயாக்கின் எடை முப்பது கிலோ. அடியில் கட்டி இழுக்க ஒரு சக்கர வண்டி வேண்டும்.

"எங்க கொண்டு போகணும்?" என்று கேட்டாள் படகுச் சாமான் கடைக்காரம்மா.

"கடலுக்கு."

ஒல்லியான கெட்டி ரப்பர் சக்கரங்கள் மாட்டிய வண்டியை எடுத்துக் கொடுத்தாள். "காத்தே அடிக்க வேணாம். பஞ்சரே ஆகாது. கண்ணை மூடிட்டு இழுங்க."

செவ்வாய் காலை இழுத்துப் பார்த்தான். ரோட்டில் சத்தமே இல்லாமல் வந்தது. மணலில் பத்தடி போனதும் கத்தி மாதிரி இறங்கியது. பலம் கொண்ட மட்டும் இழுத்தான். அச்சு வரை புதைந்தது.

நடைப்பயிற்சிக்கு வந்த பெரியவர் ஒருவர் நின்று பார்த்தார். "நடுறீங்களா, பிடுங்குறீங்களா?"

கடைக்குப் போனான்.

"மணல்ல புதையுதும்மா."

"மணல் இருக்குன்னு நீங்க சொல்லவே இல்லையே?"

"கடலுக்குன்னு சொன்னேனே."

"கடல்னா பாறை இருக்கும், படிக்கட்டு இருக்கும். நான் என்னத்தக் கண்டேன்?"

இந்தத் தடவை பூசணிக்காய் போல இரண்டு பலூன் சக்கரங்கள் வந்தன. "காத்தைக் கம்மியா வைங்க. அமுக்கினா விரல் உள்ள போகணும். அப்பத்தான் மணல் மேல நிக்கும்."

கூடவே வந்த கையேட்டை அவன் முழுதாகப் படித்தான். 'சக்கறம்' என்று இரண்டு இடத்தில் அச்சாகியிருந்தது. இரண்டையும் வட்டமிட்டுத் திருத்தினான். பக்கத்திலேயே போட்டிருந்த அகலத்தைக் கவனிக்கவில்லை.

புதன் காலை வண்டி கேட்டில் சிக்கியது.

"சார், கேட்டைவிட வண்டி பெருசு," என்றார் வாட்ச்மேன்.

"தெரியுது."

"கேட்டைப் பெருசாக்கணும்னா செக்ரட்டரிக்கு எழுதிக் கொடுக்கணும் சார்."

இருவரும் படகைச் சாய்த்து வெளியே எடுத்தார்கள். கட்டியிருந்த பட்டை நழுவியது. கயாக் வாட்ச்மேனின் நாற்காலி மேல் விழுந்தது.

உடைந்த நாற்காலிக் காலை வாட்ச்மேன் கையில் எடுத்துப் பார்த்தார். "இனிமே நான் தூங்குறேன்னு யாரும் சொல்ல முடியாது சார்."

ரோட்டில், காற்றுக் குறைந்த சக்கரங்கள் குடித்துவிட்டு வந்தவை போல ஆடின. திரும்பிப் போய் பம்ப் எடுத்து வந்து முழுக்க அடித்தான். இப்போது கல்லுக்குக் கல் துள்ளின. நான்காவது துள்ளலில் ஒரு சக்கரம் கண்ணாடித் துண்டின் மேல் இறங்கியது. உஸ்ஸென்று ஒரு சத்தம்.

"மணலுக்குக் கொடுத்ததை ரோட்டுல ஏன் சார் ஓட்டினீங்க?" கடைக்காரம்மா பஞ்சர் ஒட்டிக்கொண்டே கேட்டாள்.

"ரோட்டைத் தாண்டித்தானே மணலுக்குப் போகணும்?"

"ரோட்டுக்குக் கொடுத்தது இருக்குல்ல? அதுல மணல் வரைக்கும் போங்க. அங்க இதை மாட்டிக்குங்க."

"ரெண்டுக்கும் ஒரே சக்கரம் இல்லையாம்மா?"

"இருக்கு சார். ரோட்டுலயும் பாதி போகும், மணல்லயும் பாதி போகும்."

சக்கரம் மாற்றும்போது படகைத் தூக்கிப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். வெளியூரிலிருந்த மச்சினிக்கு போன் செய்தான். மனைவியின் தங்கை. அன்றைக்கு ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றவள். "கயாக்கைக் கடலுக்குக் கொண்டு போகணும், வா" என்று மட்டும் சொன்னான். ஏன் என்று அவன் யாரிடமும் சொன்னதில்லை.

ஞாயிறு காலை, மணல் ஓரத்தில் அவள் படகின் ஒரு முனையைத் தூக்கிப் பிடித்தாள்.

"சீக்கிரம் மாமா, கை இத்துப்போகுது!"

அவசரத்தில், சக்கரம் கழலாமல் அச்சில் செருகும் ஊசி அவன் விரலிலிருந்து நழுவி மணலில் விழுந்தது. இருவரும் மண்டியிட்டுச் சலித்தார்கள். மூன்று பாட்டில் மூடி கிடைத்தது.

"அக்கா இருந்தா இந்நேரம் நம்ம ரெண்டு பேரையும் கிழிச்சிருப்பா," என்றபடி தலையிலிருந்து கொண்டை ஊசியை உருவிச் செருகினாள். அது வளைந்தது. ஆனால் நின்றது.

பூசணிக்காய்கள் மணல் மேல் மிதந்து போயின. தண்ணீர் ஓரத்தில் அவன் வண்டியைக் கழற்றிவிட்டுப் படகைத் தள்ளினான். ஓர் அலை தூக்கியது. அடுத்தது எடுத்துக்கொண்டது.

"மாமா! நீங்க ஏறல?"

"இல்ல."

"அது பாட்டுக்குப் போகுது மாமா!"

"போகட்டும். உங்க அக்கா சொன்னதுதான்."

"என்ன சொன்னா?"

"படகை விட்டுடுங்கன்னு. எங்கிட்ட கடைசியா அதான் சொன்னா. செஞ்சிட்டேன்."

மஞ்சள் நிறம் விரல் அளவுக்குச் சிறுத்திருந்தது. பதினோரு மாதத்தில் முதல் முறையாக அவனுக்குப் பசித்தது.

மச்சினி கடலைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"இத்தனை மாசமா மனசு வராமத்தான் வெச்சிருக்கீங்கன்னு நெனச்சேன் மாமா," என்றாள். "நீங்க டாக்டரைக் கூப்பிட ஓடினதும் மாஸ்க்கை நகர்த்திட்டு எங்கிட்ட சொன்னா: 'வித்துடுங்கன்னேன்டி. இந்த மனுஷன் என்னிக்கு நான் சொன்னதை ஒழுங்காக் காதுல வாங்கியிருக்காரு?'"