வெளியே தெரியாத கண்ணாடி

ஜன்னல் கதவு கையோடு வந்துவிட்டது.

பரந்தாமன் அதை மார்போடு அணைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தான். முழங்கை வரை உளுந்து மாவு. எதிரே திறந்த தெரு. தெருவில் பக்கத்து வீட்டு தேவராஜ் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

“நாகு, பாத்துட்டானா?” குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

“யாரு?” மனைவி நாகவல்லி சமையலறையிலிருந்து கேட்டாள்.

“தேவராஜ்டி!”

“அவன் சைக்கிளைப் பாத்துகினு கீறான். நீங்க எழுந்திருங்க. மாவு பாதியில நிக்குது.”

“கதவு இல்லாம எப்படி அரைக்கிறது?”

“இவ்ளோ நாளா கதவாலயா அரைச்சீங்க?”

பரந்தாமனுக்கு உலகத்தில் மூன்று பயங்கள் உண்டு. பல்லி, இருட்டு, மின்சார மீட்டர். நாகவல்லியிடம் அவனுக்கு இருப்பது பயமில்லை, மரியாதை. அப்படித்தான் அவன் தனக்குத்தானே சொல்லிக்கொள்வான்.

ஆவடியில் அவன் வேலை பார்த்த தொழிற்சாலையின் கேன்டீனில் அவனே வேறு ஆள். “ஊட்ல நான் ஒரு பார்வை பார்த்தா போதும், டீ தானா வந்து நிக்கும்” என்பான். அதே செக்‌ஷனில் வேலை பார்க்கும் தேவராஜ் வாயைப் பிளந்து கேட்பான். புதிதாகக் கல்யாணம் ஆனவன். அவனுக்குப் பாடம் தேவைப்பட்டது.

அந்த வாத்தியார்தான் வெள்ளானூர் வீட்டில் இட்லிக்கு மாவு அரைத்துக்கொண்டிருந்தான். அவனே இழுத்துவிட்டுக்கொண்ட வினை அது. நாகவல்லி முதலில் கிரைண்டர்தான் கேட்டாள். “கிரைண்டரா? மீட்டர் சக்கரம் ராட்டினமா சுத்தும்டி!” என்று அலறினான். “அப்போ நீங்களே அரைங்க. எனக்குத் தோள்பட்டை கழண்டு போவுது” என்றாள். வழக்கு முடிந்தது.

ஆட்டுக்கல் இருந்த இடம் இன்னும் மோசம். குடிவந்த அன்று வண்டிக்காரர் மூச்சு வாங்கித் தெருப்பக்கத்து முன்னறையில் இறக்கி வைத்தார். அதற்குப் பிறகு அதை அசைக்க யாராலும் முடியவில்லை. அதனால் அரைக்கும்போதெல்லாம் மர ஜன்னலைச் சாத்தித் தாழ் போட்டுவிடுவான். மேற்குப் பார்த்த சுவர். பகலெல்லாம் குடித்த வெயிலை அது சாயங்காலம் அறைக்குள் கக்கும். ஃபேனை முழு வேகத்தில் வைத்தாலும் வழிகிற வியர்வைக்கு, மாவில் தனியாக உப்புப் போட வேண்டியதே இல்லை. மிச்சம் பிடித்த கரண்டையெல்லாம் ஃபேன் தின்றது.

இப்போது ஜன்னலும் போயிற்று. அடுத்த மாவுக்குள் வேறு ஜன்னல் வந்தாக வேண்டும். இல்லையென்றால் மானம் போகும். இருவரும் அம்பத்தூருக்கு பஸ் ஏறினார்கள்.

அங்கே ஜன்னல் கடைக்காரர் ஜெயராமன் ஒவ்வொன்றாகக் காட்டினார். மரக் கதவு போட்டால் மழையில் மறுபடி உப்பிக் கழன்றுவிடும். சாதாரணக் கண்ணாடி என்றதும் பரந்தாமன் இரண்டு கைகளையும் ஆட்டி வேண்டாம் என்றான். கடைசியில் கறுப்பும் வெள்ளியுமாக மின்னுகிற ஒரு கண்ணாடியைத் தூக்கி நிறுத்தினார்.

“பகல்ல உள்ளேயிருந்து பார்த்தா தெரு தெரியும் சார். தெருவுலேர்ந்து பார்த்தா உள்ளே ஒண்ணும் தெரியாது. வெயில் பட்டுத் திரும்பிப் போயிடும். ஃபேன் செலவு பாதியாயிடும்.”

பரந்தாமன் காதில் இரண்டே இரண்டு விஷயங்கள் விழுந்தன. வெளியே தெரியாது. கரண்டு மிச்சம்.

“இதையே போட்டுடலாங்க” என்றாள் நாகவல்லி. “நசரத்பேட்டையில என் தங்கச்சி ஊட்லயும் இதான். பொழுது சாஞ்சு அவ ஊட்டு வாசல்ல நின்னா நேரம் போறதே தெரியாது.”

அவனுக்குத் திக்கென்றது. துண்டு வாங்கும்போதுகூட அவனுக்குப் பிடித்த நிறத்தை அவள் ஒப்புக்கொண்டதில்லை. ஆனால் கண்ணாடியின் பளபளப்பு அந்தப் பயத்தை மறைத்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஜன்னல் வந்து உட்கார்ந்தது. அன்றே ஓர் எலக்ட்ரீஷியன் வந்து ஜன்னலுக்குக் கீழே பிளக் பாயிண்ட் வைத்துவிட்டுப் போனான்.

“இது எதுக்கு?”

“துணி தேய்க்கத்தான். வெளிச்சமா இருக்குமில்ல?”

பரந்தாமனுக்கு அதை யோசிக்க நேரமில்லை. உச்சி வெயிலில் தெருவில் நின்று பரீட்சை வைத்துக்கொண்டிருந்தான். “நாகு, உள்ளே நின்னு கையை ஆட்டு!” கண்ணாடியில் அவன் முகம்தான் தெரிந்தது. “ஆட்டுறியா?” “ஆட்டிகினுதான் கீறேன்!” குனிந்து பார்த்தான், எட்டிப் பார்த்தான். ஒன்றும் தெரியவில்லை. ஆனந்தத்தில் கண் கலங்கிவிட்டது.

அன்று சாயங்காலம் இருட்டியதும் ட்யூப் லைட்டைப் போட்டான். லுங்கியைத் தூக்கிக் கட்டி, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு ராஜாவைப் போல உட்கார்ந்து அரைத்தான். கண்ணாடி இப்போது உள்பக்கமும் அவன் முகத்தையே காட்டியது. அதையும் கம்பெனிக்காரன் கொடுத்த இனாம் என்று நினைத்து மீசையை முறுக்கிக்கொண்டான். மாவோடு.

டொக் டொக். யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள்.

“அண்ணே, கொஞ்சம் மெதுவா சுத்துங்க. எங்க ஊட்டம்மா உங்களைப் பாத்து என்னையும் கத்துக்கச் சொல்லுது.”

தேவராஜ் குரல். பரந்தாமனின் கை கல்லோடு உறைந்தது. ஜன்னலை ஒரு சாண் தள்ளினான். தெருவே அங்கே இருந்தது. பெண்கள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஜெயராமன் ‘பகல்ல’ என்று சொன்ன சொல் இப்போதுதான் அவன் காதுக்கு வந்து சேர்ந்தது.

“நாகு! உள்ளே இருக்கிறதெல்லாம் தெரியுதுடி!”

“வெளிச்சம் உள்ளே இருந்தா தெரியத்தான் தெரியும். லைட்டை அணைச்சுட்டு அரைங்க. கரண்டும் மிச்சம்.”

அணைத்தான். இருட்டு. தலைக்கு மேலே எங்கோ பல்லி ஒன்று ‘ச்ச்’ கொட்டியது. லைட்டைப் போட்டான்.

வேட்டியை எடுத்து ஜன்னலில் கட்டினான். வெளியே கைதட்டல் இரண்டு மடங்கானது. வாசலுக்குப் போய் எட்டிப் பார்த்த நாகவல்லி, “நிழல் விழுதுங்க. மூக்கு ஒரு முழம் கீது” என்றாள்.

மறுநாள் கேன்டீனில் பரந்தாமன் மூலை பெஞ்சாகப் பார்த்து உட்கார்ந்தான். தேவராஜ் ஒரு டம்ளரைக் கொண்டுவந்து பணிவாக முன்னால் வைத்தான்.

“டீ தானா வந்து நின்னுச்சு அண்ணே.”

பரந்தாமன் வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“நாகு, கிரைண்டர் வாங்கிடலாம்.”

“ஐயையோ, மீட்டரு?”

“சுத்தட்டும்!”

“ராட்டினமா சுத்துமேங்க.”

“சுத்தட்டும்டி! மானத்தைவிட மீட்டர் பெரிசா?”

அந்த வாரமே கிரைண்டர் வந்தது. எங்கே வைப்பது என்று அவன் கேட்பதற்குள் ஜன்னலுக்குக் கீழே, புது பிளக் பாயிண்டுக்குப் பக்கத்திலேயே நின்றது. பரந்தாமன் பிளக்கைப் பார்த்தான். பிறகு மனைவியைப் பார்த்தான். அவள் அரிசி களைவதில் மும்முரமாக இருந்தாள்.

இருந்தாலும் நிம்மதிதான். கிரைண்டர் கடகடவென்று ஓடியது. இத்தனை நாள் கழித்து, மாவு அரைக்கிற சாயங்காலத்தில் அவன் பாயை விரித்துக் காலை நீட்டினான். வெளியே ஸ்டூல்கள் இழுபடும் சத்தம் கேட்டது. இனி அவர்கள் எதைப் பார்ப்பார்கள் என்று சிரித்துக்கொண்டான்.

“இன்னாங்க, படுத்துட்டீங்க?” என்றாள் நாகவல்லி. “ஓரத்துல ஒதுங்குற மாவை யாரு தள்ளி விடுறது? இப்படி ஜன்னலாண்ட வந்து உக்காருங்க. நாம கிரைண்டர் வாங்குனது தெருவுக்குத் தெரிய வேணாமா?”