மூன்று ஷிப்டில் ஒரு மணிக்கட்டு

1975-ஆம் வருடம் மே மாதம் 12-ஆம் தேதி, திங்கட்கிழமை, காலை ஒன்பது நாற்பது. காற்று துளியும் இல்லை. உப்பளத்தில் அடிப்பதுபோல வெயில். புன்னைக்காயல் மாதா கோயிலில் நூற்றுப் பன்னிரண்டு பேர் (என் பக்கம் நாற்பத்தொன்று, பெண் பக்கம் எழுபத்தொன்று) பார்த்துக்கொண்டிருக்க, என்னால் ஒரு முடிச்சுப் போட முடியவில்லை. கல்யாணம் என்னுடையது. முடிச்சு, தாலி முடிச்சு.

காரணம் தட்டச்சு இயந்திரம். தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சியில் டைப்பிஸ்ட்டாக இருந்தேன். நாளைக்குப் பதினெட்டு பில், ஒவ்வொன்றுக்கும் ஆறு நகல். ஆறாவது கார்பனில் எழுத்து விழ வேண்டுமென்றால் குத்துவது போலத் தட்ட வேண்டும். மேஜையோ என் நெஞ்சுயரம். மணிக்கட்டை மடக்கிக்கொண்டே நான்கு வருடம் தட்டினேன். அந்த ஜனவரியில் வலது கையில் கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிர விரலில் பாதி, எல்லாம் மரத்துப் போயின. (பாதிதான். நடுவிரல் பக்கம் இருக்கும் பாதி. ஊசியால் குத்திச் சரிபார்த்தேன்.) சுண்டுவிரல் மட்டும் ஒன்றும் அறியாததுபோல் சுகமாக இருந்தது. தூக்கத்தில் கை எரிந்து விழிப்பேன், உதறினால் அடங்கும். மூன்று மாதத்தில் நான்கு டம்ளர் கைநழுவியது.

வெளியே சொல்ல வழியில்லை. மாமனாராக வரவிருந்தவர் இரண்டு படகுக்குச் சொந்தக்காரர். மூத்த மகளுக்கு வந்த வரனுக்குக் கை நடுங்குகிறது என்று தெரிந்ததும், கோயிலில் ஓலை வாசித்துக் கல்யாணத்தை அறிவித்த பிறகும் நிறுத்தியவர். எனக்கும் ஓலை வாசித்தாகிவிட்டது.

ஏப்ரல் 28-ஆம் தேதி ஒருவழியாக டாக்டரிடம் போனேன். மணிக்கட்டில் விரலால் தட்டினார். நடுவிரல் வரை கரண்ட் ஓடியது. இரண்டு புறங்கையையும் ஒட்டவைத்து, மணிக்கட்டை மடக்கி, ஒரு நிமிடம் வைத்திருக்கச் சொன்னார். முப்பத்தைந்தாவது நொடியில் மரத்துவிட்டது.

"கார்ப்பல் டனல் சிண்ட்ரோம்" என்றார். "மணிக்கட்டுல ஒரு குறுகலான சந்து இருக்கு வே. ஒன்பது தசைநாரும் ஒரு நரம்பும் அதுவழியாத்தான் போவுது. உள்ள வீங்குச்சுன்னா நரம்புதான் நசுங்கும்."

"ஆக மொத்தம் பத்து."

"பத்துதான். எண்ணி என்ன செய்யப் போறீரு?"

கத்தி இப்போது தேவையில்லை என்றார். பஞ்சு சுற்றிய ஒரு மரப்பட்டை கொடுத்தார். ராத்திரி தூங்கும்போது மணிக்கட்டு மடங்காமல் நேராக இருக்க, அதை வைத்துத் தளர்வாகக் கட்ட வேண்டும். ஆறு வாரம். மேஜையைத் தாழ்த்த வேண்டும். அதிலும் கேட்காவிட்டால் மணிக்கட்டில் ஒரு ஊசி.

"பதினாலு நாள்ல கல்யாணம் டாக்டர்!"

"அதுக்கு நரம்பு என்ன செய்யும்?"

நரம்பு என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியும். துறைமுகத்தில் வேலை பார்க்கும் எனக்குக் கணக்குத் தெரியும். ஒரு ஷிப்டில் ஆறு நாளில் இறங்கும் சரக்கு, மூன்று ஷிப்ட் போட்டால் இரண்டே நாளில் இறங்கும். ராத்திரிக்கு எட்டு மணி நேரம், நாற்பத்திரண்டு ராத்திரி, முந்நூற்று முப்பத்தாறு மணி நேரம். இருபத்து நான்கால் வகுத்தேன். சரியாகப் பதினான்கு நாள்! டாக்டருக்கு ஏன் இது தோன்றவில்லை என்று பரிதாபப்பட்டேன்.

கட்டினேன். பகலும் இரவும் கட்டினேன். தளர்வாகக் கட்டினால் பலனும் தளர்வாகத்தான் இருக்கும் என்று, மூட்டையை வரிந்து கட்டுவதுபோல் இறுக்கிக் கட்டினேன். ஆபீஸில் சைக்கிளிலிருந்து விழுந்ததாகச் சொன்னேன்.

கல்யாணத்தன்று காலை ஆறு மணிக்கு அவிழ்த்தேன். கை, காய்ந்த கருவாடு மாதிரி விறைத்திருந்தது. விரல்கள் வீங்கியிருந்தன. மரத்துப்போனது குறையவில்லை, கூடியிருந்தது.

பீடத்தின் முன்னால் தாலிக் கயிற்றைப் பிலோமியின் கழுத்தைச் சுற்றிப் பின்னால் கொண்டுபோனேன். கயிறு எது, அவள் தலையிலிருந்து தொங்கிய வெள்ளை நெட் எது என்று விரலுக்குத் தெரியவில்லை. கிடைத்ததை இழுத்து முடிச்சுப் போட்டேன். அவள் தலை பின்னால் சாய்ந்தது.

"ஏலே, நெட்டையும் சேத்துக் கட்டுதியே!" என்றாள் பின்னால் நின்ற என் அக்கா ரோசி.

அவிழ்க்கவும் வரவில்லை. பூசைக்கு உதவும் உபதேசியார் மெழுகுவர்த்தித் திரி வெட்டும் கத்திரிக்கோலைக் கொண்டுவந்து நெட்டை வெட்டினார். வெட்டிய இடமெல்லாம் கரி. மறுபடி முயன்றேன். கயிறு நழுவியது. மறுபடி. மறுபடி. (நான்கு தடவை.)

முன்வரிசையில் மாமனார் எழுந்துவிட்டார். "சாமி, கொஞ்சம் நிறுத்துங்க. அவரு கையில என்னமோ கோளாறு இருக்கு. எங்கிட்ட மறைச்சிருக்காவ."

சாமியார் என்னைப் பார்த்தார். நான் சுண்டுவிரலை மட்டும் அசைத்தேன். அதுதான் அசைந்தது.

அப்போது பிலோமி திரும்பாமலே, இரண்டு கையையும் பிடரிக்குக் கொண்டுபோய், என் விரலிலிருந்து கயிற்றின் இரண்டு நுனியையும் வாங்கினாள். "நீங்க சும்மா தொட்டுக்கிட்டு நில்லுங்க" என்று முணுமுணுத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. படகுக்காரர் மகள், கண்ணால் பார்க்காமல் போட்ட முடிச்சு இம்மியும் அசையவில்லை.

"உக்காருங்கப்பா" என்றாள் சத்தமாக. "கட்டியாச்சு."

யார் கட்டியது என்று மாமனார் கேட்கவில்லை. சாமியார் தீர்த்தம் தெளித்து ஆசீர்வதித்துவிட்டார்.

அடுத்த வாரம் டாக்டர் என் கணக்கைக் கேட்டுவிட்டு, வீங்கிய விரல்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். "நரம்புக்கு இடம் குடுக்கத்தான் வே கட்டச் சொன்னேன். நீரு வெளியேயிருந்தும் நசுக்கிருக்கீரு." பிறகு ராத்திரி மட்டும், தளர்வாக, ஆறு வாரம் கட்டினேன். மேஜைக் காலில் நான்கு அங்குலம் அறுத்தேன். ஒரே ஒரு ஊசி. கத்தி படவில்லை. ஆகஸ்டில் மூன்றரை விரலும் திரும்பி வந்தன.

ஆனால் எங்கள் குடும்பத்தில் யாருக்குக் கல்யாணமானாலும், மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்ததும் யாராவது ஒருவர், "ஏளா, எதுக்கும் கையைத் தயாரா வச்சுக்க" என்று பெண்ணிடம் சொல்லாமல் இருப்பதில்லை. சிரிப்பில் முதல் சத்தம் பிலோமியுடையது.

டாக்டருக்கு இரண்டு தடவை, பத்து ரூபாய். ஊசி, பன்னிரண்டு ஐம்பது. வாடகைக்கு எடுத்த நெட்டை வெட்டிவிட்டதால் முழு விலை, அறுபத்தைந்து. ஆக, எண்பத்தேழு ரூபாய் ஐம்பது காசு.