மல்லசமுத்திரம் மோட்டார் சைக்கிள் க்ஷேமக் கமிட்டி

மோட்டார் சைக்கிளைக் கண்டுபிடித்தவர் யாரோ எவரோ, நமக்குக் கவலையில்லை. அதைப் பத்திரமாக வைத்துக்கொள்வது எப்படி என்பதைக் கண்டுபிடித்த பெருமை மல்லசமுத்திரத்துக்கே உரியது. சேலம் ஜில்லா இந்த உண்மையை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை என்றால் அது ஜில்லாவின் அறியாமை.

மேட்டூர் அணை கட்டி முடிந்த மறு வருஷம், சீமைக்குக் கப்பலேறிய என்ஜினீயர் துரை ஒருவர் தம்முடைய சின்ன மோட்டார் சைக்கிளை விற்றுவிட்டுப் போனார். அதை வாங்கியவர் மல்லசமுத்திரத்துப் பண்ணைக்காரர் சென்னியப்பன். ஊருக்கும் அதுதான் முதல் மோட்டார் சைக்கிள், அவருக்கும் அதுதான் முதல்.

வாங்கியதற்குக் காரணம் அவர் மனைவி ஆத்தாயி. அதாவது, காரணம் என்று ஊராரிடம் சொல்லப்பட்டவள் ஆத்தாயி. அவளுடைய தாய் வள்ளியாத்தாள் எடப்பாடியில் இருந்தாள். கிழவிக்குக் கண்ணில் புரை விழுந்துகொண்டிருந்தது. "மூஞ்சி தெரியறப்பவே ஒருக்கா வந்துட்டுப் போகச் சொல்லுங்க" என்று இந்தப் பக்கம் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தாள். ஆத்தாயி கேட்டபோதெல்லாம் எருதுகள் உழவில் இருந்தன. உழவு முடிந்தால் கிணற்றில் தண்ணீர் இறைத்தன. எருதுகள் ஓய்ந்த நாளில் சென்னியப்பனுக்கு ஓய்வில்லை. இப்படியே நாலு வருஷம் போயிற்று.

"இனிமே எருதுகளோட தயவே வேண்டாம் புள்ளே. காத்தால ஏறி உக்காந்தா உச்சிப் பொழுதுக்கு உங்கம்மா ஊட்டுல சோறு" என்றார் சென்னியப்பன். அந்த ஒரு வார்த்தைக்காக ஆத்தாயி, தான் கன்றிலிருந்து வளர்த்த இரண்டு எருமைகளை, மோட்டார் சைக்கிள் விலைக்காகச் சந்தைக்கு ஓட்ட விட்டாள்.

மேட்டூரில் வண்டியை ஒப்படைத்த ஸ்டோர் குமாஸ்தா அருணகிரி நாலே வார்த்தை சொன்னார். ஏறுமுன் பிரேக்கைப் பாருங்கள், டயரில் காற்றைப் பாருங்கள், சங்கிலிக்கு எண்ணெய் விடுங்கள், மெதுவாக ஓட்டுங்கள். சென்னியப்பனுக்கு இது போதவில்லை. ஒரு காளைக் கன்று வாங்கினால்கூட சுழி, பல், வால் என்று அரை நாள் பேசுகிற ஊர் அது. அப்பேர்ப்பட்ட யந்திரத்துக்கு நாலு வார்த்தையா? ஊர் திரும்பிய கையோடு 'மோட்டார் சைக்கிள் க்ஷேமக் கமிட்டி' உதயமாயிற்று.

கமிட்டிக்கு அக்கிராசனர் சென்னியப்பன். காரியதரிசி, பென்ஷன் வாங்கிய வாத்தியார் சுவாமிநாதன். சேலத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் சாக்கடையில் விழுந்ததை நேரில் கண்ட ஒரே மனிதர் என்பதால் அவர் போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டார். பண்ணையாள் மாதையனுக்கு 'முன்னோடி' உத்தியோகம் கிடைத்தது. வண்டி போகும்போது சிவப்புத் துணியை ஆட்டிக்கொண்டு முன்னால் ஓட வேண்டியது அவன் கடமை. ஆத்தாயிக்கும் கமிட்டியில் இடமுண்டு. சுக்குக் காப்பி போட வேண்டியது அவள்தான்.

முதல் கூட்டத்தில் பிரேக்கைப் பற்றி ஆழ்ந்த விசாரணை நடந்தது. பிரேக்கை அழுத்தினால் அது கிறீச்சென்று கத்தியது.

"காஞ்சு கெடக்குதுங்க வாத்தியாரே. பாவம், வாயில்லாத சீவன்" என்றார் சென்னியப்பன், கண் கலங்கி.

"வாய் இருப்பதால்தானே கத்துகிறது?" என்றார் காரியதரிசி.

இருவர் வாதத்திலும் நியாயம் இருந்ததால், மாட்டு வண்டி அச்சுக்கு என்ன செய்வார்களோ அதையே பிரேக்குக்கும் செய்வது என்று முடிவாயிற்று. விளக்கெண்ணெயில் வைக்கோல் கரியைக் குழைத்த வண்டி மை ஒரு கொட்டாங்கச்சி நிறைய வந்தது. அதைச் சென்னியப்பன் தம் கையாலேயே பிரேக்கின் சந்துபொந்தெல்லாம் அப்பினார். அதற்குப் பிறகு பிரேக் ஒரு நாளும் கத்தவில்லை. பிடிக்கவும் இல்லை என்பது அப்போது தெரியாது.

வெள்ளிக்கிழமை நல்ல நேரத்தில் வெள்ளோட்டம். பொரி உருண்டை மூட்டையோடும் கட்டாத புதுப்புடவையோடும் ஆத்தாயி களத்து ஓரமாக நின்றாள். களத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அப்படியே எடப்பாடி போவதாக ஏற்பாடு. வண்டி தடதடவென்று கிளம்பிற்று. மாதையன் துணியை ஆட்டிக்கொண்டு ஓடினான். முதல் சுற்றுக் கம்பீரமாக முடிந்தது. நிறுத்தலாம் என்று சென்னியப்பன் பிரேக்கை மிதித்தார். வண்டி மையின் மகிமையால் அது வெண்ணெய்போல் வழுக்கிக்கொண்டு போயிற்று.

மாடு ஓட்டிய பரம்பரை சும்மா விடுமா? இரண்டு கைப்பிடியையும் மூக்கணாங்கயிறு என்று எண்ணி நெஞ்சோடு இழுத்துப் பிடித்து, "ஓவ்! ஓவ்!" என்று கத்தினார்.

"ஏனுங் பண்ணாடி, நிக்கட்டுங்களா, ஓடட்டுங்களா?" என்று முன்னால் மூச்சிரைத்தான் மாதையன்.

"நின்னீன்னா செத்தே! ஓடுறா!"

மாதையன் ஓடினான். ஓடி ஓடி மாளாமல், சிவப்புத் துணியைக் கடாசிவிட்டுச் சோளத்தட்டுப் போரின்மேல் ஏறிவிட்டான். முன்னோடி போன வழியே போவதுதான் முறை என்பதால் வண்டியும் போருக்குள் புகுந்துவிட்டது. அக்கிராசனரின் தலையிலிருந்த சருகையெல்லாம் ஆத்தாயி தட்டிவிட்டாள். பொரி உருண்டையைக் கமிட்டியார் தின்று தீர்த்தார்கள்.

விசாரணைக் கூட்டம் அன்று மாலையே கூடிற்று.

"வண்டி நகராமல் இருந்திருந்தால் போரில் மோதியிருக்குமா?" என்று கேட்டார் சுவாமிநாதன்.

"மோதியிருக்காதுங்க" என்றார் சென்னியப்பன்.

"அது நகரக் காரணம்?"

"பெட்ரோலுங்க."

"ஆக, குற்றவாளி அகப்பட்டுவிட்டான்!"

பெட்ரோல் இறக்கப்பட்டது. பெட்ரோல் இல்லாத மோட்டார் சைக்கிளால் உலகில் இதுவரை ஒருவருக்கும் காயம் பட்டதில்லை என்பதை யாராலும் மறுக்க முடியாது. ஓடாமலே கிடந்தால் வண்டி சோம்பிப்போகுமே என்று, வாரம் இருமுறை சென்னியப்பன் அதன்மேல் அமர, மாதையன் களத்தைச் சுற்றித் தள்ளினான். சனிக்கிழமைதோறும் எண்ணெய்க் குளியல் நடந்தது. அது நின்ற கொட்டகைக்கு நனைத்த சாக்குப் படுதா கட்டினார்கள். ஆத்தாயிக்கு ஜுரம் வந்த வாரத்தில் படுதாவை நனைக்க ஆளில்லாமல் கமிட்டி மிகவும் கவலைப்பட்டது.

"ஏனுங்க, எப்பங்க எடப்பாடிக்குப் போறது?" என்று ஆத்தாயி கேட்காத மாதமில்லை. சித்திரையில் டயருக்கு வெயில் ஆகாது என்றார் சென்னியப்பன். ஆடியில் காற்று, ஐப்பசியில் சேறு, மார்கழியில் பனி. பகவான் மோட்டார் சைக்கிளுக்கு ஏற்ற மாதம் ஒன்றைப் படைக்க மறந்துவிட்டார். ஆத்தாயி வாய்விட்டு அழவில்லை. அடுப்படியில் புகை இருந்தது, அதன்மேல் பழி போட்டுக்கொண்டாள்.

தை பிறந்ததும் எடப்பாடியிலிருந்து தறிக்காரர் ஒருவர் தகவல் கொண்டுவந்தார். "உங்கம்மாளுக்கு இப்ப ஆளு தெரியறதில்லீங்க. நெழலுதான் தெரியுதாமா."

அன்று கமிட்டி கூடியபோது ஆத்தாயி வெறுங்கையோடு வந்து நின்றாள்.

"காப்பி இல்லீங்க. நாளைக்கு எங்கம்மாளப் பாக்கப் போகாட்டி இந்த ஊட்டுல ஒலையும் கொதிக்காதுங்க."

கமிட்டி இதுவரை காணாத நெருக்கடி. சுவாமிநாதன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "மோட்டார் சைக்கிளோடு எடப்பாடி போவதாக வாக்குக் கொடுத்திருக்கிறீர்கள். வாக்கும் தவறக்கூடாது, வண்டிக்கும் ஆபத்து வரக்கூடாது."

வழி பிறந்தது. விடிவதற்கு முன்பே மாட்டு வண்டி பூட்டப்பட்டது. அதில் சோளத்தட்டு மெத்தை விரித்து, மோட்டார் சைக்கிளை நிறுத்தி, நாலு பக்கமும் கயிறு கட்டி, பனி படாமல் கம்பளியால் போர்த்தினார்கள். ஒரு பக்கம் அக்கிராசனரும் மறுபக்கம் காரியதரிசியும் அணைத்துப் பிடித்துக்கொண்டார்கள். மாதையன் வண்டி ஓட்டினான். ஆத்தாயி மூட்டையோடு காலைத் தூக்கி வைத்தாள்.

"புள்ளே, புள்ளே! பாரம் சேந்தா குலுங்கும். நீ பொறகால வா. ஏத்தம் வந்தா ஒரு கை தள்ளிக்கோ" என்றார் சென்னியப்பன்.

ஆத்தாயி எருதுகளைப் பார்த்தாள். ஐந்து வருஷமாக அவளுக்காக ஒரு நாள்கூட ஓயாத எருதுகள் இன்று எப்படியோ ஓய்ந்திருந்தன. அவளுக்கு அழுகையை முந்திக்கொண்டு சிரிப்பு வந்தது. மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள்.

சங்ககிரியில் நாலு பேர் வண்டியைச் சூழ்ந்துகொண்டு, "சீக்காளிங்களா? ஆசுபத்திரிக்குங்களா?" என்று இரக்கத்தோடு கேட்டார்கள். "சத்தம் போடாதீங்க" என்றார் சென்னியப்பன். நிழல் கண்ட இடத்தில் வண்டியை நிறுத்தி, கம்பளிக்குள் கையை விட்டுச் சூடு பார்த்தார். பின்னால் வந்தவளுக்குச் செருப்பில்லை என்பது கமிட்டியின் பரிசீலனைக்கு வரவில்லை.

எடப்பாடி வாசலில் வண்டி நின்றபோது பொழுது சாய்ந்துவிட்டது. சத்தம் கேட்டு வள்ளியாத்தாள் சுவரைத் தடவிக்கொண்டு ஓடிவந்தாள். வண்டியில் கம்பளி போர்த்து நடுநாயகமாக ஓர் உருவம். இரண்டு பக்கமும் இரண்டு ஆண்கள் தாங்கிப் பிடித்திருக்கிறார்கள். கிழவிக்கு வேறு என்ன தோன்றும்? எட்டிக் கம்பளிக்குள் கையை விட்டாள். கைப்பிடி அகப்பட்டது.

"என்ற சாமி! வந்துட்டியா! கையி ஏங் கண்ணு இப்பிடிச் சில்லுனு கம்பியாட்ட இருக்குது? ஐயோ, ஒடம்புல சதையே இல்லியே! ஏனுங் மாப்பிள்ளை, என்ற புள்ளைக்குச் சோறு போடறதில்லீங்களா?"

காரியதரிசிக்கு இருமல் வந்துவிட்டது. சென்னியப்பன் மார்பை நிமிர்த்தினார். "அத்தை, அது மோட்டார் சைக்கிளுங்க. அத்தனை தூரம் ஒரு கீறல் இல்லாமக் கொண்டாந்திருக்கறனுங்க!"

"அப்ப ஆத்தாயி?"

"இங்க இருக்கறனுங்ம்மா" என்று சக்கரத்துக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. ஆத்தாயி அங்கேயே தரையில் உட்கார்ந்திருந்தாள்.

வள்ளியாத்தாள் குனிந்து மகளின் முகத்தைத் தடவினாள், தோளைத் தடவினாள். கடைசியில் பாதத்துக்கு வந்த கை அங்கேயே நின்றுவிட்டது. கொப்புளங்கள் உடைந்து புழுதி அப்பியிருந்தது.

"நடந்தா வந்தே?"

"நான் ஏறுனா வண்டி குலுங்குமாமா."

கிழவி எழுந்தாள். மோட்டார் சைக்கிள் மேலிருந்த கம்பளியை உருவி மகள்மேல் போர்த்தினாள். பிறகு, நிழலாகத் தெரிந்த மருமகன் பக்கம் திரும்பி, மரியாதை கொஞ்சமும் குறையாமல் சொன்னாள்:

"இவளக் கட்டிக் குடுத்தது என்ற தப்புங்க, மாப்பிள்ளை. வெலைக்கு வித்திருக்கோணும். காசு குடுத்து வாங்குனதைத்தான் நீங்க பத்திரமா வெச்சுக்குவீங்களாட்ட இருக்குது."