சரிவில் ஒரு சின்ன வீடு

கனடா ஒரு பக்கம் சரிந்துதான் கிடக்கிறது என்பதைக் கண்டுபிடித்த ஒரே மனிதர் எங்கள் மட்டம் அண்ணைதான். நாங்கள் எல்லாரும் இங்கே வந்து இறங்கிய நாளிலிருந்து குளிர், பனி, வேலை என்று புலம்பிக்கொண்டிருக்க, அவர் மட்டும், "தம்பி, இந்த நாட்டிலை ஒரு நிலமெண்டாலும் நேர் இல்லை" என்று புலம்பினார்.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. நான் சமையலறை அலுமாரிகளை ட்றக்கில் ஏற்றிக்கொண்டுபோய் இறக்குகிறவன். அவர் அவற்றைச் சுவரில் பொருத்திப் பூட்டுகிறவர். பதினொரு வருடம் ஒன்றாக வேலை செய்தோம். சம்பளச் சீட்டில் பெயர் இருக்குமே என்பீர்கள். சம்பளச் சீட்டை அவர் வாங்கிய கையோடு நாலாக மடித்து ஆடுகிற மேசைக்காலுக்கு அடியில் வைத்துவிடுவார். நான் எங்கே பார்ப்பது?

மேசன்மார் சுவரில் வைத்துப் பார்ப்பார்களே, பச்சைத் தண்ணீருக்குள் ஒரு காற்றுக் குமிழி ஓடுமே, அந்த மட்டத்தில் ஒரு சாண் நீளமானது எப்போதும் அவருடைய சேர்ட் பையில் பேனை மாதிரிச் செருகியிருக்கும். குமிழி நடுவில் நின்றால் அவர் முகம் மலரும். ஓடினால் வாடும். சாப்பாட்டுக் கடைக்குப் போனால் முதலில் மேசையில் வைத்துப் பார்ப்பார். ஒருநாள் ஐந்து மேசை மாறி, கடைசியில் பார்சல் கட்டிக்கொண்டு வந்து ட்றக்குக்குள் இருந்து சாப்பிட்டோம். ஒரு செத்தவீட்டில் பெட்டிக்குப் பக்கத்தில் நெடுநேரம் குனிந்து நின்றார். மனிதருக்கு இவ்வளவு துக்கமா என்று சனம் உருகியது. நிமிர்ந்து வந்து என் காதுக்குள், "தலைமாட்டுப் பக்கம் அரைக் குமிழி பதிஞ்சு கிடக்கு" என்றார்.

ஊரில் எல்லாரும் ஆளை ஆள் மட்டந்தட்டிக்கொண்டிருக்க, அவர் நிலத்தை மட்டும் தட்டினார். அதனால் வந்த ஒரு சிக்கல், அவருடைய அகராதியில் 'மட்டமான' என்பதுதான் ஆக உயர்ந்த பாராட்டு. எங்கள் முதலாளி ஸ்ரௌவ்வில்லில் புது வீடு கட்டிக் குடிபூரலுக்குக் கூப்பிட்டிருந்தார். அண்ணை மண்டப நடுவில் முழங்காலில் நின்று தரையில் மட்டத்தை வைத்தார். கண் கலங்கிவிட்டது. இருநூறு பேர் பார்த்திருக்க எழும்பி நின்று, "இவ்வளவு மட்டமான வீட்டை நான் கனடாவிலை காணேல்லை!" என்றார்.

முதலாளியின் மனைவி நீட்டிய பலகாரத் தட்டைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டார். சமாளிக்க வேண்டும் என்று நான் பின்னாலே ஓடினேன். "அக்கா, குறை நினையாதேங்கோ. அண்ணை மனசாரத்தான் சொல்லுறார்" என்றேன். அன்றைக்கு இரண்டு பேருக்குமே பலகாரம் இல்லை.

அவரை விசரன் என்று சொல்லுமுன் என்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். ஒரு நுளம்பு கடித்தால் மூன்று நாளைக்குச் சொறிந்துகொண்டு திரிகிற எனக்கு, ஐம்பத்திரண்டாவது வயதில் நான் ஓர் இயற்கை ரசிகன் என்று திடீரென்று தெரியவந்தது. ஏரிக்கரை, காடு, விறகு நெருப்பு. உடனே போய் ஒரு கேம்பர் வாங்கினேன். பிக்கப் ட்றக்கின் முதுகில் அப்படியே ஏற்றிவைக்கிற சின்ன வீடு அது. உள்ளே கட்டில், அடுப்பு, கைகழுவ ஒரு பேசின். தேவையானபோது ஏற்றலாம். தேவையில்லாதபோது நாலு மூலையிலும் உள்ள ஜாக்கிக் கால்களை ஊன்றி உயர்த்திவிட்டு, ட்றக்கை அடியாலே எடுத்துக்கொண்டு போகலாம். விற்றவன் அப்படித்தான் சொன்னான்.

பெருமை தாங்காமல் சினேகிதர்களுக்குப் போன் அடித்துச் சொன்னேன். "மச்சான், நான் ஒரு சின்ன வீடு எடுத்திட்டன்!" மத்தியானத்துக்குள் ரெக்ஸ்டேலில் இருக்கும் மனைவியின் தமக்கை அழுதுகொண்டு போன் எடுத்துவிட்டார். "உவன் உப்பிடித்தான் செய்வான் எண்டு எனக்கு அப்பவே தெரியும்." மனைவி போனைக் கையில் பிடித்தபடியே வெளியே வந்து, ட்றக்கின் முதுகில் இருந்ததை மேலும் கீழும் பார்த்தாள்.

"அதெண்டாலும் பரவாயில்லை" என்றாள்.

அஜின்கோர்ட்டில் எங்கள் வீட்டு ட்றைவ்வேயில் ஒரு தோடம்பழம் தவறி விழுந்தால் அது தெருவைக் கடந்து முன்வீட்டுப் படியில் போய்த்தான் நிற்கும். அவ்வளவு சரிவு. கேம்பரை இறக்கி வைக்க வேண்டியது அந்தச் சரிவில்தான். வாங்கும்போது இது தெரியாதா என்று கேட்பீர்கள். பதினைந்து வருடமாக அதில் பனி வழித்து, வழிக்கும்போதெல்லாம் வழுக்கி, தெருவரைக்கும் இருந்தபடியே பயணம் செய்தவன் நான். எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? ஆனால் அந்தச் சரிவும் இந்தச் சாமானும் ஒருநாள் சந்திக்கும் என்பது மட்டும் மூளையில் ஏறவில்லை.

திங்கட்கிழமை விடிய ட்றக்கில் அலுமாரி ஏற்ற வேண்டும். ட்றக்கிலோ வீடு இருக்கிறது. மனைவி தவணை சொல்லிவிட்டாள். "ஞாயிறு பின்னேரம் நாலு மணிக்குள்ளை உது இறங்கி ஒரு பக்கமா நிக்கவேணும். இல்லாட்டி வித்தவனே வந்து கொண்டுபோவான். நான் கதைச்சிட்டன்."

சனிக்கிழமை நானே முயன்று பார்த்தேன். போனில் மூன்று வீடியோ பார்த்திருந்தேன். மூன்றிலும் நிலம் மேசை மாதிரி இருந்தது. ட்றக்கின் முகம் தெருப் பக்கம், பின்புறம் கராஜ் பக்கமாக நிறுத்தி, நாலு காலையும் ஊன்றி, ஜாக்கியைத் திருகும் கம்பியைப் போட்டுச் சுற்றினேன். பாரம் ஏறத் தொடங்கியதும் தெருப் பக்கத்துக் கால் ஒன்று மெதுவாக, மரியாதையாக, வழுக்கிக்கொண்டு புறப்பட்டது. நான் பாய்ந்து அதை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்தேன். ஒரு தொன் பாரத்தைக் கட்டிப்பிடித்து என்ன செய்வதாக நினைத்தேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. யன்னலிலிருந்து மனைவி, "விடுங்கோ, போறது போகட்டும்!" என்று கத்தினாள். அதையா, என்னையா என்று கேட்க நேரமில்லை. அவசரமாகக் கம்பியை மறுபக்கம் சுற்றினேன். வீடு மறுபடி ட்றக்கின் முதுகில் போய்க் குந்திக்கொண்டது.

மட்டம் அண்ணையைக் கூப்பிட்டேன்.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு ஒரு கட்டுப் பலகையும், வாளும், துடுப்பு மாதிரி ஒரு நீள மட்டமுமாக வந்தார். ட்றைவ்வேயில் மட்டத்தை வைத்தார். குமிழி ஒரே ஓட்டமாக ஓடி ஒளிந்துகொண்டது. அவருக்கு வியர்த்துவிட்டது.

"தம்பி, உமக்கு வெக்கமா இல்லையே? உதிலை எப்பிடிப் பதினைஞ்சு வருசம் நிண்டனீர்?"

"நிக்கேல்லை அண்ணை. கூடுதலா விழுந்துதான் இருந்தனான்."

அவர் சிரிக்கவில்லை. ட்றக்கின் சில்லுகளுக்கு முன்னால் கல் வைத்தார். நாலு கால்களுக்கும் அடியில் வைக்க, சரிவுக்கு எதிர்ச் சரிவாக நாலு கட்டைகளைச் சீவினார். தெருப் பக்கத்து இரண்டுக்கும் மேலே குறுக்கும் நெடுக்குமாகப் பலகை அடுக்கினார். பிறகு என்னிடம் கம்பியைத் தந்துவிட்டு மட்டத்தோடு ஏறி உள்ளே போனார். உள்ளே இருந்து குரல் மட்டும் வந்தது.

"கராஜ் பக்கம் வலது. ஒரு சுத்து."

சுற்றினேன்.

"தெருப் பக்கம் இடது. கால் சுத்து."

சுற்றினேன்.

"அரைக்கால் சுத்து. இப்ப மூச்சு விடாதையும்."

ஒரு காலைச் சரிசெய்தால் மற்ற மூன்றும் கோபித்துக்கொள்ளும். மத்தியானம் ஒரு மணிக்கு நான் நாக்குத் தள்ளிப்போய், "அண்ணை, இது காணும், இவ்வளவு போதும்" என்றேன். கோயிலுக்குள் தூஷணம் பேசியவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "காணும், காணும் எண்டுதான் இந்த நாட்டையே உப்பிடிக் கட்டி வைச்சிருக்கிறாங்கள்" என்றார்.

பிறகு அவருக்குத் தன் மட்டத்திலேயே சந்தேகம் வந்துவிட்டது. வேறோர் இடத்தில் வைத்துச் சரிபார்க்க வேண்டும் என்று நேரே எங்கள் குசினிக்குள் போய் அடுப்பின்மேல் வைத்தார். குமிழி ஓடியது. திருப்பி வைத்தார். அப்போதும் அதே பக்கம்தான் ஓடியது.

"மட்டத்திலை பிழையில்லை. அடுப்பு சரிஞ்சு கிடக்கு" என்றார்.

மனைவி கையில் இருந்த அகப்பையைக் கீழே வைத்தாள். "அண்ணை, நான் எத்தினை வருசமாச் சொல்லுறன், மா ஒரு பக்கமா ஓடுது, தோசை கோணலா வருதெண்டு! இந்த மனுசன் எனக்குச் சுடத் தெரியாதெண்டவர்."

"தங்கச்சி, உம்மடை கையிலை ஒரு பிழையும் இல்லை."

இருபத்திரண்டு வருடக் கலியாண வாழ்க்கையில் நான் ஒருநாளும் சொல்லாத வசனம் அது. அண்ணை அடுப்பின் காலைத் திருகி நிமிர்த்தினார். அடுத்த தோசை பூரணச் சந்திரன் மாதிரி வந்தது. அவர் ஆறு சந்திரனைச் சாப்பிட்டார். நான் முன்பு சுடப்பட்ட பிறைகளைச் சாப்பிட்டேன்.

மூன்று மணிக்குக் குமிழி நடுவில் வந்து நின்றது. வீடு நாலு காலில் உயர்ந்தது. அண்ணை சில்லுக் கற்களை எடுத்துவிட்டு, "இப்ப எடும்" என்றார். நான் ட்றக்கை எடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டுதான் எடுத்தேன் என்பதை இன்சூரன்ஸ்காரரிடம் சொல்லிவிடாதீர்கள். தெருவில் நிறுத்தித் திரும்பிப் பார்த்தால், சின்ன வீடு அந்தரத்தில் அசையாமல் நின்றது. தெருவே ஒரு பக்கம் சரிய, அது மட்டும் நேராக நின்றது. சாண் சாணாக இறக்கிப் பதித்தோம். "கடைசியா ஒருக்காப் பாத்திட்டு வாறன்" என்று அண்ணை உள்ளே ஏறினார்.

நாலு மணிக்கு விற்றவன் வந்து நின்றான். அப்போதும் அதைத் திருப்பிக் கொடுத்துவிடும் எண்ணத்தோடு, அண்ணையை இறங்கச் சொல்ல மனைவி கதவைத் திறந்தாள். பின்னால் நின்று நானும் எட்டிப் பார்த்தேன். அவர் கட்டிலில் மல்லாந்து நல்ல நித்திரை. சாண் மட்டம் நெஞ்சின் மேல். மூச்சு வாங்கும்போது குமிழி ஒரு பக்கம் போய், விடும்போது நடுவுக்கு வந்தது.

சத்தம் கேட்டு எழும்பினவருக்குப் பெரிய வெட்கம். "குறை நினையாதையும் தங்கச்சி. என்ரை பேஸ்மென்ற் நிலம் நடுவிலை இருக்கிற தண்ணி போற ஓட்டைப் பக்கமாச் சரிவு. பதினெட்டு வருசமாக் கட்டில் காலுக்கு அடியிலை என்னென்னவோ வைச்சுப் பாத்திட்டன். படுத்தா உருண்டு போறமாதிரியே கிடக்கும். இதிலை சும்மா ஒருக்கா முதுகை வைச்சன்…"

மனைவி தெருவுக்குப் போனாள். விற்றவனிடம் இரண்டு நிமிடம் கதைத்தாள். அவன் திரும்பிப் போய்விட்டான்.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் மத்தியானச் சாப்பாடு எங்கள் வீட்டில். பிறகு இரண்டு மணித்தியாலம் அவர் கேம்பருக்குள் நித்திரை. அதை ட்றக்கில் ஏற்ற எனக்கு மனைவியின் தடை. "அசைச்சியளோ, பிறகு அண்ணை திரும்பவும் மட்டம் பாக்கவேணும்." ஏரியும் போயிற்று, காடும் போயிற்று. சின்ன வீடு வைத்திருந்தும் ஓர் இரவுகூட அதில் தங்காத ஆண் ரொறன்ரோவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

போன மாரிக்கு முன் சஸ்கச்சுவானில் இருக்கும் அவருடைய மருமகன் அவரைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போனான். "கண்ணுக்கு எட்டின தூரம் மட்டமாம் தம்பி!" என்று சின்னப் பிள்ளைபோலக் குதித்துக்கொண்டு போனார். சாண் மட்டத்தைக் கேம்பர்க் கட்டிலின் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போனார்.

பனி கரைந்த பிறகு ஒருநாள் போன் எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டோம்.

"எப்பிடி அண்ணை அந்த இடம்?" என்று கேட்டேன்.

"மட்டமான இடம், தம்பி" என்றார்.

அந்தச் சொல்லை அவர் எந்த அர்த்தத்தில் சொல்கிறார் என்று எனக்கு விளங்காமல் போனது அன்றுதான். மனைவி போனைப் பறித்துக்கொண்டாள். "அண்ணை, கோடைக்கு இஞ்சை வாங்கோ. உங்கடை கட்டில் அப்பிடியே கிடக்கு. குமிழி நட்ட நடுவிலை நிக்குது."

"மெய்யே தங்கச்சி?"

"மெய்தான் அண்ணை."

மெய்யில்லை. மாரிக் குளிரில் நிலம் உறைந்து இளகியதில் தெருப் பக்கத்து இடது கால் பதிந்து, குமிழி ஓரத்துக்குப் போயிருந்தது. அன்று காலையில்தான் பார்த்தேன். காணும் என்று விட்டுவிட்டு வந்திருந்தேன். மனைவி போனைக் காதில் வைத்தபடி என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

சப்பாத்தைக் காலில் கொழுவிக்கொண்டு, கம்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனேன்.

தெருப் பக்கம் இடது. கால் சுற்று. அரைக்கால் சுற்று. மூச்சு விடவில்லை.