அருள்முருகன் மூக்கும் நீல வாளியும்

அரியலூருக்கும் பெரம்பலூருக்கும் நடுவில் ஓடுகிற அத்தனை சிமெண்ட் லாரிகளின் புழுதியும் அருள்முருகன் மூக்கில்தான் வந்து இறங்கும். பைக்கில் வேலைக்குப் போய்த் திரும்பினால், ஒரு செம்பு தண்ணீர் தெளித்து உள்ளேயே தளம் போட்டுவிடலாம். ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை சபதம் போட்டான்: இனி தினமும் மூக்குக் கழுவல். ஒரு துளையில் ஊற்றி மறு துளையில் விடுவது. அதற்கென்றே ஒரு கெண்டியும் வாங்கி வந்தான். அவன் மூக்கைவிட அதன் மூக்கு நீளம்.

"கொதிக்க வெச்சு ஆறுன தண்ணியில பண்ணுங்க," என்றாள் மனைவி வளர்மதி.

"எதுக்கு? நம்ம போர் தண்ணி எளநி மாதிரி. குடிச்சா ஒண்ணும் ஆவல. மூக்குல ஊத்துனா ஆயிடுமா?"

"குடிச்சா வயிறு பாத்துக்கும். மூக்குல ஏத்துனா நேரா மேல போவுதுங்க. பச்சைத் தண்ணியில அமீபா இருந்தா மூளையவே தின்னுடுமாம். அபூர்வமாத்தான் வருமாம். வந்துட்டா பொழைக்கிறதே கஷ்டமாம்."

"எண்ணூறு அடி ஆழத்துலேருந்து அமீபா எந்த பஸ் ஏறி வரும்?"

"மொட்ட மாடி டேங்க எப்பங்க கழுவுனீங்க?"

அருள்முருகன் சட்டென்று பேச்சை மாற்றினான். "ஒரு வாரம் பச்சைத் தண்ணியிலயே கழுவிக் காட்டுறேன். அப்புறம் பாப்பா மூக்கையும் நானே கழுவுறேன் பாரு."

வளர்மதி, ஒழுகும் மூக்கோடு விளையாடிய மூன்று வயது மகள் தமிழ்மொழியை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டாள். ஆனால் சண்டை போடவில்லை. அங்கேதான் அவன் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

மறுநாள் பாத்ரூம் குழாயில் காற்றுதான் வந்தது.

"பைப்பு மக்கர்ங்க. குளிக்க நீல வாளியில போர் தண்ணி மூடி வெச்சிருக்கேன். அத மூக்குல மட்டும் ஊத்திடாதீங்க. மூக்குக்கு ஆறுன தண்ணி செம்புல இருக்கு."

ஊத்தாதீங்க என்றால் போதாதா? கதவைத் தாழிட்டான். செம்பைக் கவிழ்த்தான். நீல வாளியில் மொண்டு மூக்கில் விட்டான். தினமும் இதே திருட்டு. வெளியே வரும்போது பால் குடித்த பூனை முகம்.

"ஏன்டி, எப்பப் பாத்தாலும் அடுப்புல அண்டா?"

"பாப்பா துணி ஊற வெக்கங்க."

அடுத்த ஞாயிறு, கெண்டியும் கையுமாகக் கூடத்தில் வந்து நின்றான். "மூச்சப் பாரு, ரயிலு மாதிரி! வாரம் பூரா ஊத்துனது செம்புத் தண்ணி இல்ல. நீல வாளி! எங்கடி உன் அமீபா? கூப்புடு பாப்பாவ!"

வளர்மதி குழந்தையைத் தன் முதுகுக்குப் பின்னால் தள்ளினாள். "நீல வாளியா?"

"அதேதான்!"

"தெனமுமா?"

"தெனமும்!"

"அப்பாடா. வாளி வாளியாக் கொதிக்க வெச்சு ஆத்தி வெச்சது வீண் போவல."

கெண்டி சாய்ந்தது. "அப்ப செம்புல?"

"அதுவும் கொதிச்சதுதான். நீங்க எத எடுத்தாலும் நான் பயமில்லாம இருக்கணும்ல."

"பைப்பு?"

"வால்வ அடைச்சதே நான்தான். பாப்பா மூக்குல டாக்டர் சொல்லாம ஒரு சொட்டு விழக் கூடாது. சரி சொல்லுங்க, கொதிச்ச தண்ணி நல்லாத்தானே வேலை செய்யுது?"

மறுக்க வாயைத் திறந்தான். மூக்கு அவள் பக்கம் சாட்சி சொன்னது.

"அப்புறம், கேஸு தீந்துடுச்சுங்க."

அடைப்பே இல்லாத மூக்கால் நீளமாக ஒரு பெருமூச்சு விட்டபடி, அருள்முருகன் புது சிலிண்டரை அடுப்படிக்கு உருட்டினான்.