பைசன்ஸ் ஆறே ஆட்டத்தில் வெல்லும்

மனித அறிவின் உச்சம் எது என்று கேட்டால் சிலர் விண்கலம் என்பார்கள், சிலர் பென்சிலின் என்பார்கள். பாவம், அவர்கள் பிராட்பைன் ஊரின் ஐஸ் ஹாக்கி அரங்கத்து அறிவிப்புப் பலகையைப் பார்த்ததில்லை. ஏப்ரல்தோறும், சீசன் முடிவில் நடக்கும் பிளேஆஃப் போட்டிகளின் முதல் சுற்றுக்கு முந்தைய நாள், ஆம்ப்ரோஸ் டெல்ஃப் ஆகிய நான் கையொப்பமிட்ட 'முன்கணிப்பு' அதில் ஒட்டப்படும். ஒரு சுற்றுக்கு ஏழு ஆட்டம்; முதலில் நான்கை வெல்லும் அணி அடுத்த சுற்றுக்குப் போகும். முப்பத்தோரு ஆண்டுகளாக வாசகம் ஒன்றுதான்: "பைசன்ஸ் ஆறே ஆட்டத்தில் வெல்லும்."

இதில் முப்பது ஆண்டுகள் எங்கள் ஊர் அணியான பைசன்ஸ் முதல் சுற்றிலேயே தோற்றது. அது அணியின் பிழை. கணிப்பில் பிழை கிடையாது. பிளேஆஃப் தொடங்கியதிலிருந்து அணி வெளியேறும்வரை எங்கள் ஊர் ஆண்கள் சவரம் செய்வதில்லை. இந்த மகத்தான விரதத்தில் என் தாடி போன ஆண்டுவரை பத்து நாளைத் தாண்டி வளர்ந்ததேயில்லை.

இந்த ஆண்டு கணிப்பை ஒட்டிவிட்டுத் திரும்பினால், டோரீன் நின்றுகொண்டிருந்தாள். அரங்கத்து கேன்டீனை நடத்துபவள்; பதினோரு ஆண்டுகளாக எனக்கு நிச்சயிக்கப்பட்டவள்.

"சீசன் முடியட்டும், சீசன் முடியட்டும்னே பதினோரு வருஷம் ஓட்டிட்ட. இப்பவே கல்யாணத் தேதி சொல்லு. அதுவும் தள்ளிப்போச்சுன்னா நான் ஹாலிஃபாக்ஸ்ல தங்கச்சி வீட்டுக்குப் போயிடுவேன். காப்பிய நீயே ஊத்திக்க."

"மே மூணு, சனிக்கிழமை. ரசிகர் மன்ற மண்டபத்தை நேத்தே புக் பண்ணிட்டேன்" என்றேன்.

அவள் சுவரிலிருந்த ஆட்ட அட்டவணையைப் பார்த்தாள்.

"நம்ம பசங்க முதல் சுற்று ஜெயிச்சா, அன்னிக்கு இங்க ரெண்டாம் சுற்று ஆட்டமாச்சே?"

"ஆமா."

"ஜெயிப்பாங்கன்னு இப்பத்தானே எழுதி ஒட்டின?"

"டோரீன், கணிப்பு வேற, மண்டபம் வேற."

"சரி, பாதிரியார்கிட்ட நான் பேசிக்கறேன்" என்று போய்விட்டாள்.

அழைக்கப்பட்ட இருநூற்றுப் பதினான்கு பேரும் "கட்டாயம் வருகிறோம்" என்று பதில் அனுப்பினார்கள். அன்று ஆட்டம் இருக்குமே என்று ஒரு ஜீவன்கூடத் தயங்கவில்லை. பலர் 'இது நம் ஆண்டு' என்று பொறித்த தொப்பியைக் கழற்றாமலே பதில் எழுதினார்கள். எங்கள் ஊரின் விசுவாசம் அத்தகையது.

பிறகுதான் அந்த விபரீதம் நிகழ்ந்தது. பைசன்ஸ் ஆறே ஆட்டத்தில் வென்றது.

மறுநாள் காலை கேன்டீனில் மிக்கோ என் சட்டையைப் பிடித்தான். இடைவேளையில் பனித்தளத்தை வழித்துச் சமன்செய்யும் வண்டியை ஓட்டுபவன்.

"யோவ், முப்பது வருஷமா ஒழுங்காத்தானேய்யா தப்பாச் சொல்லிட்டிருந்த? இப்ப என்ன வந்துச்சு உனக்கு?"

"வழக்கமா எழுதுறதைத்தானே எழுதினேன்!"

"என் பொண்டாட்டி கல்யாணத்துக்குன்னு இறகு வச்ச தொப்பி வாங்கிட்டா. இப்ப நான் கல்யாணத்துக்கு வரவா, வண்டி ஓட்டவா?"

அன்றே ரசிகர் மன்றத்தின் அவசரக் கூட்டம் கூடியது. அணியின் 'முன்னறிவிப்பற்ற வெற்றி'க்கு ஆழ்ந்த கவலை தெரிவிக்கப்பட்டது. திருமணத்தை ஒத்திவைக்கக் கோரும் தீர்மானம் எதிர்ப்பின்றி நிறைவேறியது. மணமகன் என்ற முறையில் நான் 'நடுநிலை' வகித்தேன்.

தீர்மானத்தின் நகலோடு டோரீனிடம் போனேன்.

"ஒரு ரெண்டு வாரம்தான். சீசன் முடியட்..." நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவள் கோப்பையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "ஒண்ணும் தள்ள வேண்டாம். சனிக்கிழமை ரெண்டாவது இடைவேளை, பனித்தளத்து நடுவட்டம். நீ தேதி சொன்ன அன்னிக்கே பாதிரியார்கிட்ட பேசியாச்சு."

"அன்னிக்கேவா? ஜெயிப்பாங்கன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது. நம்பினேன்."

"ஒருவேளை தோத்திருந்தா?"

"அதுக்குத்தான் நீ மண்டபம் பிடிச்சு வச்சிருந்தியே!"

சனிக்கிழமை நடுவட்டத்தில் நின்றேன். வாழ்நாளில் முதன்முறையாக என் முகத்தில் மூன்று வாரத் தாடி. டோரீன் வெள்ளைக் கவுனுக்கு மேல் பைசன்ஸ் சட்டையும், காலில் ரப்பர் பூட்ஸுமாக வந்தாள். மிக்கோ எங்களைச் சுற்றிச் சுற்றி வண்டி ஓட்டினான். பாதிரியார் ஒலிபெருக்கியை நீட்டினார்.

அறிவிப்புப் பலகைக்குரிய கம்பீரத்தோடு நான் முழங்கினேன்: "உயிருள்ளவரை உன்னைப் பிரியமாட்டேன்!"

"எனக்கும் சம்மதம்" என்றாள் டோரீன். "ஆனா, நீ வாயால சொல்றது இருக்கட்டும். இதுக்கு எந்த மண்டபம் புக் பண்ணியிருக்க?"

அரங்கமே அதிரச் சிரித்தது. அவள் ஒலிபெருக்கியோடு கூட்டத்தின் பக்கம் திரும்பினாள்.

"நீங்க எதுக்குச் சிரிக்கிறீங்க? இருநூத்திப் பதினாலு பேரும் இதே தேதிக்கு மண்டபத்துக்குக் கட்டாயம் வர்றோம்னு சொன்னவங்கதானே?"

சிரிப்பு நின்றது. 'இது நம் ஆண்டு' தொப்பிகள் ஒவ்வொன்றாகத் தலையிலிருந்து இறங்கின. மூன்றாம் பகுதி ஆட்டத்துக்காக வாசலில் காத்து நின்ற பைசன்ஸ் ஆட்டக்காரர்கள் மட்டும், தங்கள் வழக்கப்படி, மட்டைகளால் தளத்தைச் சுற்றிய தடுப்புப் பலகையைத் தட்டி அவளைப் பாராட்டினார்கள்.